தலைவலி இல்லாத நாட்கள்

இதை எழுதும்போது எனக்குத் தலைவலி இல்லை. அதனால் நான் சுகமாக இருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு இரண்டு வருத்தங்கள்; நோயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒன்றுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கிளினிக் கொப்பி இருக்கிறது. மற்றதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வருஷக்கணக்கில் ஓட்டியவள் நான். எது எது என்று எனக்குப் புரிந்த அளவில் எழுதிவைக்கிறேன். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயங்களில், தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்திக்காவது உதவினால் நல்லது. உதவாவிட்டாலும் எனக்கு நட்டமொன்றும் இல்லை.

எங்களுடையது தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டம். பாதி தேயிலை, பாதி இறப்பர். நான் அங்கே பிள்ளைக்காம்பரா பார்ப்பவள். தாய்மார் கொழுந்தெடுக்கவும் இறப்பர்ப் பால் வெட்டவும் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பத்தாவது வரை படித்திருந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. காலையில் பிள்ளைகளை எண்ணி வாங்குவேன், கழுவுவேன், திரிபோஷா சத்துமாவு பிசைந்து கொடுப்பேன், தொட்டிலாட்டுவேன். பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க ஓடி வருவார்கள். சாயந்திரம் எண்ணித் திருப்பிக் கொடுப்பேன். அந்தக் காலத்தில் பத்தொன்பது பிள்ளைகள். என் பெயர் ரோஸ்மேரி. என் வீட்டுக்காரர் சூசை, இறப்பர் சீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடத்தில் வேலை. ஒரே மகள் ஸ்டெல்லா. இது தொடங்கியபோது அவளுக்குப் பதினான்கு வயது.

முதல் தலைவலி பிள்ளைக்காம்பராவில் வந்தது. ஒரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அதன் முகத்தில் பாதியைக் காணவில்லை. காணாமல்போன இடத்தின் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு வெளிச்சக் கோடு துடித்தது. கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. மூடினேன், மூடிய கண்ணுக்குள்ளும் அதே கோடு. கண் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். இருபது நிமிஷத்தில் கோடு தானாக மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வலது கண்ணுக்குப் பின்னால் இடி தொடங்கியது. ஒரு பக்கம் மட்டும், நாடி அடிக்கும் அடிக்கெல்லாம் ஒரு இடி. வெளிச்சம் பட்டால் குத்தியது. பிள்ளைகள் அழுதால் குமட்டியது. வாந்தி எடுத்து எடுத்துக் கடைசியில் பச்சையாகப் பித்தம்தான் வந்தது. சமைத்துக் கொடுக்க வரும் அக்காதான் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் விடிந்தபோது வலி போயிருந்தது. ஒரு நோயும் இல்லாதவள் போல எழுந்து பெரிய கோப்பையில் தேத்தண்ணி குடித்தேன்.

இதற்கு மைக்ரேன் என்று பெயர், ஒற்றைத் தலைவலி. மூளைக்குள் கட்டி எதுவும் இல்லாமலே மூளையும் நரம்பும் தாங்களாகக் கிளம்பி ஆடும் ஆட்டம் இது என்று பிற்பாடு டொக்டர் சொன்னார். சிலருக்கு வலிக்கு முன்னால் அந்த வெளிச்சக் கோடு வரும், சிலருக்கு வராது. வெயில், பட்டினி, தூக்கக் குறைவு, வாசனை எல்லாம் அதைக் கிளப்பிவிடும். என்னைக் கிளப்பிவிட்டது சூசையின் சட்டை. இறப்பர் புகையும் பாலை உறையவைக்கும் அசிட்டும் கலந்த நாற்றம் அது. பதினைந்து வருஷம் அந்த நாற்றத்தோடு குடும்பம் நடத்தியவளுக்கு அப்புறம் அது வாசலில் வரும்போதே தலை இடித்தது. பாவம், அந்த மனுஷன் அதன் பிறகு ஒரு நாளும் நேராக வீட்டுக்குள் வந்ததில்லை. மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய்க் குளித்து, சட்டையை அங்கேயே கொடியில் போட்டுவிட்டு, துண்டோடு வருவார். மழைக் காலத்திலும் அப்படித்தான்.

மற்ற வருத்தம் வந்த நாள் எனக்குத் தெரியாது. அதற்கு முதல் நாள் என்று ஒன்று இல்லை. அது வலிக்கவில்லை, அதுதான் பெரிய சங்கடம். வலித்தால் இங்கே வலிக்கிறது என்று கையை வைத்துக் காட்டலாம். விடிவதற்கு வெகு முன்னாலேயே முழிப்பு வந்துவிடும். எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும் என்று தெரியும், கை வராது. சோறு வாயில் ஈர மண்ணாக இருக்கும். பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை முதல்முதலாக எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு பயமும் போய்விட்டது. காலையில் கண் முழிக்காமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற நினைப்பு மட்டும் பாக்கி. பிள்ளைகளுக்கு வேறு ஆள் கிடைக்கும், சூசைக்கு ஒரு பாரம் குறையும், ஸ்டெல்லா கொஞ்ச நாள் அழுவாள் என்று கணக்குப் போடுவேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதி என்ன பிரயோசனம்?

காரணம் இருந்திருந்தால் வெளியே சொல்லியிருப்பேன். சூசை குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. மகள் படிக்கிறாள். அடுத்த லயத்தில் புருஷன் அடித்துக் கையொடிந்த பெண் மறுவாரம் சிரித்துக்கொண்டே காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகிறாள். எல்லாம் இருந்தும் இப்படிக் கிடப்பது கொழுப்பு இல்லாமல் வேறென்ன என்று என்னை நானே திட்டிக்கொள்வேன்.

அதனால் ஒரு வேலை செய்தேன். மற்ற வருத்தம் கூடிய நாட்களிலும் தலைவலி என்றே சொன்னேன். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் இருட்டில் படுக்க வேண்டும், சாப்பாடு இறங்காது, சத்தம் ஆகாது, முகம் கொடுத்துப் பேச முடியாது. தலைவலி என்றால் சூசை தன் கையால் என் கறுப்புச் சேலையை ஜன்னலில் கட்டுவார். பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போய், "ரோஸுக்குத் தலைவலி, ரேடியோவக் கொஞ்சம் கொறைங்கப்பா" என்று கெஞ்சுவார். ஸ்டெல்லா பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறாக்குவாள், பாத்திரம் உரசும் சத்தம் கேட்காமல் கழுவுவாள். பாதி நாட்கள் எனக்குத் தலை வலிக்கவே இல்லை. அவர்கள் விரல் நுனியில் நடப்பதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன்.

ஒரு முறை உண்மையான தலைவலியே மூன்று நாள் விடாமல் நின்றது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா ஊசி போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார். தோட்டத்து லொறியில் பாய் விரித்து என்னைப் படுக்கவைத்து, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வளைவிலும் நான் கத்தியது லொறிக்காரருக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறதாம்.

ஆஸ்பத்திரி வாட்டில் காலிக் கட்டில் இல்லை. முதல் இரண்டு நாள் தரையில், இரண்டு கட்டில்களுக்கு நடுவில். கையில் சேலைன் ஏற்றினார்கள். அது வேறொன்றும் இல்லை, உப்புத் தண்ணீர்தான். வாந்தியில் போனதை நரம்பு வழியாகத் திருப்பிக் கொடுப்பது. ஒரு சின்ன டார்ச்சால் கண்ணுக்குள் பார்த்தார்கள். மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் கண்ணின் பின்சுவர் வீங்கித் தெரியுமாம். முழங்காலில் சுத்தியலால் தட்டினார்கள். கழுத்தை மடக்கிப் பார்த்தார்கள். விரலால் மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு என்று விளையாட்டுக் காட்டினார்கள். கடைசியில், எதற்கும் கொழும்பில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று எழுதினார்கள். சூசை அதைக் கேட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ருவான்வெல்லைப் பக்கத்துச் சிங்களப் பெண், சோமா அக்கா. சீனி வருத்தத்தில் காலில் ஆறாத புண். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் நன்றாகச் சிங்களம் பேசுவேன். இந்தப் பக்கம் அது இல்லாமல் ஒரு கிலோ சீனிகூட வாங்க முடியாது. முதல் நாள் நான் தரையில் கிடந்து முனகியபோது, தன் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு என் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வலி நின்றது. எனக்குக் கட்டிலும் கிடைத்தது, ஜன்னலோரம். அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம். நான் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்தேன். நான்காம் நாளும் அப்படித்தான்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள், "நங்கி, இன்னும் வலிக்கிறதா?" நங்கி என்றால் தங்கச்சி.

"இல்லை அக்கா."

"வலி போன ஆள் ஜன்னலைப் பார்ப்பாள். தலை சீவுவாள். பசிக்குது என்பாள். எனக்கும் பொம்பிளைப் பிள்ளை இருந்தது, நான் பார்த்திருக்கிறேன். உனக்கு வேறொன்றும் இருக்கிறது. டொக்டரிடம் சொல்லு."

'இருந்தது' என்று அவள் சொன்னதை நான் விசாரிக்கவில்லை. தலையை ஆட்டினேன். காலையில் டொக்டர்மார் கூட்டமாக வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்றேன். சோமா அக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே ஒரு ஆள் கண்டுபிடித்தது, அந்த ஆளையும் பொய்க்காரியாக்கிவிட்டேன்.

கொழும்புக்குப் போன நாள் தனிக் கதை. சண்டை நடந்த காலம். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் தனியாக வெயிலில் நிறுத்தினார்கள். சூசை ஆஸ்பத்திரிக் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே நின்றார். வெயிலில் எனக்கு அந்தக் கோடு துடிக்கத் தொடங்கிவிட்டது. நான் அங்கேயே வாந்தி எடுத்ததைப் பார்த்த பிறகுதான் போகச் சொன்னார்கள். பஸ் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்கேன் என்பது படுக்கவைத்து ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை அனுப்பி, மூளையைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது. வலி கிடையாது. முடிவு வந்தது. கட்டி இல்லை, இரத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. சூசை வராந்தாவில் முழங்கால் போட்டு ஜெபம் சொன்னார். ஆஸ்பத்திரிச் சனம் வேடிக்கை பார்த்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. ஏதாவது இருக்கும் என்று நான் ஆசைப்பட்டிருந்தேன். அப்படி ஒன்று இருந்தால் எல்லாம் தானாக முடியும், யாரும் என்னைக் குறை சொல்லவும் மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர், சிங்களவர், சின்ன வயது. வலி வந்த பிறகு விழுங்குவதற்கு ஒரு மாத்திரை, வலியே வராமல் தடுப்பதற்கு ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவதைத் தினமும் இரவில் அரை மாத்திரை. வலிக்கென்று கடையில் வாங்கும் பெனடோலைக் கண்டபடி விழுங்காதே, தினமும் விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். நான் அதுவரை அதைக் கடலை மாதிரித் தின்றுகொண்டிருந்தவள். அரை மாத்திரையில் வாய் காய்ந்தது, தூக்கம் கொஞ்சம் வந்தது. மாத்திரைகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

இனிமேல்தான் என் புத்திகெட்ட வேலை.

எங்கள் லயத்தில் மாத்திரை யாருக்கும் சொந்தமில்லை. உப்பு, மிளகாய் மாதிரித்தான் அதுவும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் பத்து வீட்டிலிருந்து பத்து மாத்திரை வரும். உன் சளிக்கு என் பிள்ளைக்குக் கொடுத்ததில் மிச்சம், உன் வயிற்றுவலிக்கு என் மாமியாருடைய பச்சை மாத்திரை. டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் பெயர், அரை நாள் கூலி, போய்விடும். பக்கத்து வீட்டில் வாங்கினால் பெரட்டுக்குப் போய்விடலாம். இது காலங்காலமாக நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

பக்கத்துக் காம்பராவில் பத்மா. பால் வெட்டுகிறவள், கையில் எட்டு மாதப் பிள்ளை. என் பத்தொன்பதில் அதுவும் ஒன்று. ஒரு சாயந்திரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ரோஸக்கா, மண்ட பொளக்குது. ஒங்க ஆஸ்பத்திரி மாத்தர ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

"இரு, தாரேன். நல்ல மாத்தர. எனக்கே இதுலதான் கொறஞ்சிருக்கு."

தாராளமாக இரண்டு முழு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன், காகிதப் பையோடு. நான் விழுங்குவது அரை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வலியைத் தடுக்கும் மாத்திரை வேறு, வந்த வலியைக் குறைக்கும் மாத்திரை வேறு என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னதும் ஞாபகம் வரவில்லை. ஒன்று கேட்டவளுக்கு இரண்டு கொடுத்தோமே என்ற பெருமைதான் இருந்தது.

மறுநாள் காலையில் பத்மா எழும்பவில்லை. உலுக்கினால் கண்ணைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். தொட்டிலில் பிள்ளை வீரிட்டது. அவள் புருஷன் பதறிப்போய் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினான். காகிதப் பையும் அவனோடு போனது. அதில் மாத்திரையின் பெயர் இங்கிலிஷில் எழுதியிருந்தது. டிஸ்பென்சரி ஐயா வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கேட்டாராம்:

"இது மென்டல் கிளினிக்குல குடுக்குற மாத்தரயாச்சே! ஒங்களுக்கு எங்க கெடச்சது?"

பத்மா மத்தியானம் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குள் நான் பைத்தியம் என்ற செய்தி மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் பிள்ளைக்காம்பராவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டி மலைக்குப் போனார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் குனியவும் இல்லை. அன்றைக்கு வந்தது மூன்று பிள்ளைகள். மதியத்துக்குள் அதில் ஒன்றைத் தாய் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

பத்மா மட்டும் நேரில் வந்தாள். அழுதாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. அவருதான்... எம் மாமியா பிள்ளய விடக்கூடாதுங்கிறா. மனசுல வச்சுக்காதீங்க."

"மாத்தரய மாத்திக் குடுத்தது நானு. நீ ஏன் அழுவுற? போ, பிள்ளைக்குப் பால் குடு" என்று விரட்டிவிட்டேன். அவள் போன பிறகு காலித் தொட்டில்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்து வைத்தேன். மனசுக்குள் ஒரு குரல், அவர்கள் சொல்வதில் என்ன பிழை என்று கேட்டது. மாத்திரை விஷயத்தில் அவர்கள் சொன்னது தப்பு. என் விஷயத்தில் தப்பில்லை. காலையில் கண் முழிக்க விரும்பாத ஒருத்தியிடம் பத்தொன்பது பிள்ளைகளை யார் விடுவார்கள்? நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

தோட்டத்துச் சனத்தின் நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா கூப்பிட்டுச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து, இவளுக்கு மன வருத்தம் ஒன்றும் இல்லை, மைக்ரேன் மட்டும்தான் என்று கடிதம் கொண்டுவா. ஒரு மாதம் பார்ப்பேன், இல்லாவிட்டால் பிள்ளைக்காம்பரா வேறொருத்தியிடம் போகும், நீ மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம். வெயில் பட்டால் விழுந்துவிடும் எனக்கு மலை வேலை எத்தனை நாளைக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிளினிக் நாளன்று சூசையும் கூட வந்தார். விடியற்காலை பஸ், பிறகு மரவாங்கில் உட்கார்ந்து நான்கு மணி நேரம். எங்கள் இலக்கம் வந்ததும் உட்காருவதற்கு முன்பே டொக்டரிடம் சண்டைக்குப் போனேன். பைத்தியக்கார மாத்திரையைத் தலைவலிக்கு என்று சொல்லி ஏன் கொடுத்தீர்கள், என் வேலை போகப் போகிறது, எனக்கு மைக்ரேன் மட்டும்தான் என்று கடிதம் தாருங்கள் என்று கத்தினேன்.

அந்த டொக்டர்ப் பிள்ளை கோபிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அது பழைய மாத்திரை. கூடுதலாகக் கொடுத்தால் மனச்சோர்வுக்கு, குறைவாகக் கொடுத்தால் மைக்ரேனைத் தடுப்பதற்கு. ஒரே மாத்திரை, இரண்டு வேலை. உங்களுக்குக் கொடுத்தது தலைவலிக்கான அளவு. அடுத்தவர்களுக்குக் கொடுப்பதற்கு அல்ல என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் முறைத்தார். மைக்ரேன் வேறு, மனச்சோர்வு வேறு. முன்னது வரும், அடிக்கும், போகும். நடுவில் உள்ள நாட்களில் ஆள் பழைய ஆளாக இருப்பார். பின்னது போகாமல் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது ரொம்பச் சாதாரணம், ஒன்று இருந்தால் மற்றது வரும் வாய்ப்புக் கூடுதல் என்றார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தவ மொனவஹரி தியெனவத?" வேறு ஏதாவது இருக்கிறதா?

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மேசையில் வெள்ளைத் தாள் தயாராக இருந்தது. இருக்கிறது என்றால் அவர் அந்தத் தாளில் மென்டல் கிளினிக்குக்குத் துண்டு எழுதுவார், மாத்திரையைக் கூட்டுவார், எனக்கு ஒருவேளை சுகமாகும். பிள்ளைக்காம்பரா போய்விடும். ஸ்டெல்லாவைப் பைத்தியக்காரி மகள் என்பார்கள். இல்லை என்றால் கடிதம் கிடைக்கும். சூசை என் பக்கத்தில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்களில் புகைக் கறுப்பு, எவ்வளவு தேய்த்தும் போகாதது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஹே டொக்டர்" என்றேன். இல்லை.

அவர் உடனே எழுதவில்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகச் சொன்னேன். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் என்னமாய்ச் சிரிக்கும் என்று சொல்லி நானும் சிரித்துக் காட்டினேன். அவர் எழுதி, சீல் குத்தி, கையில் கொடுத்தார். எப்போதாவது ஏதாவது இருந்தால் திகதி பார்க்காமல் வா என்றார். நல்ல பிள்ளை. அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டது.

கடிதத்தை வெல்பெயார் ஐயா பெரட்டுக் களத்தில் வைத்துச் சத்தமாக வாசித்தார். ஒரு வாரத்தில் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், மாதம் முடிவதற்குள் பதினேழு. பத்மாவின் பிள்ளையும் வந்தது. என் வேலை எனக்கே.

மருந்தும் நன்றாக வேலை செய்தது. மாதத்தில் ஆறு தடவை வந்த தலைவலி இரண்டாகி, ஒன்றாகி, பிறகு மூன்று மாதம் வரவே இல்லை. சூசை ஜன்னலில் கட்டியிருந்த கறுப்புச் சேலையை அவிழ்த்தார். பக்கத்து வீட்டில் ரேடியோ பழையபடி பாடியது. வேதக்கோயிலில் எனக்காக நன்றிப் பூசை வைத்தார்கள். என் வீட்டில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பல காலமாகப் பார்த்ததில்லை.

அந்த வெளிச்சத்தில் எனக்கு ஒளிய இடம் இல்லாமல் போய்விட்டது. மற்றது அப்படியே இருந்தது, இன்னும் கனத்திருந்தது. முன்பு தலைவலி என்று சொல்லிப் படுக்கலாம். இப்போது என்ன சொல்லிப் படுப்பது? பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து கதிரையில் உட்காருவேன், உட்கார்ந்தே இருப்பேன். தலைவலி திரும்பி வரட்டும் என்று நான் ஜெபம் செய்திருக்கிறேன். பூசையில் எல்லாரும் நன்றி சொன்னபோது நான் கேட்டது அதைத்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சூசை பஜாருக்குப் போயிருந்தார். பூசைக்குப் போகவென்று சேலை கட்டிவிட்டு, செருப்பைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தவள் பிறகு சரிந்து படுத்துவிட்டேன். ஸ்டெல்லா வந்து பார்த்தாள். பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனாள், பாதியில் நின்றாள்.

"அம்மா, தல வலிக்குதா?"

"இல்ல."

"வயித்த பெரட்டுதா?"

"இல்ல."

"அப்ப ஏம்மா எந்திரிக்க மாட்டேங்குறீங்க?"

டொக்டரிடம் சொல்லாததை, சோமா அக்காவிடம் சொல்லாததை, அன்றைக்கு அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலைவலி இல்லாமலே படுத்த நாட்களை, டொக்டரிடம் சொன்ன பொய்யை, காலையில் முழிக்காமல் இருந்தால் நல்லது என்று நினைப்பதை. பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூடாத விஷயம். நிறுத்த முடியவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தபோது எனக்கு நெஞ்சில் ஒரு பக்கம் லேசாக இருந்தது. இனி இவள் அழுவாள், அப்பாவிடம் ஓடுவாள், என்னைத் திரும்ப டொக்டரிடம் கூட்டிப்போவார்கள் என்று நினைத்தேன். அப்படி நடக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

ஸ்டெல்லா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்துக் காம்பராவில் பத்மா பேசும் சத்தம் கேட்டது. மகள் திரும்பி வந்து என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எங்கிட்ட சொன்னது சரிம்மா. அப்பாகிட்டயும் சொல்லாதீங்க. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. பிள்ளைங்கள விட மாட்டாங்க."

பிறகு என் கால் மாட்டில் போர்வையை இழுத்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். வெளியே போய், வாசலில் யாரோ கேட்டதற்குத் தெளிவான குரலில், அம்மாவுக்குத் தலைவலி என்றாள்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது.